தேவிகுளத்துப் பாட்டும் எஞ்சாமியின் கணக்கும்

1958 மே மாதம் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு உயிர்ப் பிரச்சினை. 126 இடங்கள் கொண்ட சபையில் கட்சிக்கு இருந்தவை 60. ஐந்து சுயேச்சைகளின் துணையோடுதான் இ.எம்.எஸ். முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார். 1957-இல் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்வு செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட, அவரே மறுபடியும் நின்றார். மூணாறைச் சுற்றியிருந்த தேயிலை மலைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் ஓட்டு யாருக்கு என்பதே கேள்வி. அவர்களிடம் போய்ப் பாட, மலைக்குக் கீழே இருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து வந்தார் பாவலர் வரதராஜன். பாட்டைக் கட்டுவதும் அவர்தான், ஆர்மோனியத்தோடு மேடையேறிப் பாடுவதும் அவர்தான். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றி பாவலருடையது என்று இ.எம்.எஸ். பாராட்டியதாக இன்றுவரை சொல்லப்படுகிறது. அண்ணனின் குழுவில் அந்தக் காலத்தில் சேர்ந்த தம்பி ராசய்யாதான் பிறகு இளையராஜா ஆனவர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பாவலர் உயிரோடு இல்லை.

அந்த இடைத்தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு, 1958 ஜனவரி 21 அன்று, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் அன்றைய விளக்கப்படி ஒரு மெட்டு இசைப்படைப்பாகக் கருதப்பட வேண்டுமானால், அது அச்சிலோ கையெழுத்திலோ சுரக்குறிப்பாக இருந்தாக வேண்டும். வாயால் மெட்டுக் கட்டி, மனத்தில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பாடியவரை அந்தச் சட்டம் இசையமைப்பாளர் என்று ஏற்காது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இயல்பாகக் கைவந்த தோட்டத்துப் பெண்களுக்கும் அதில் இடமில்லை. எழுதி வைக்காவிட்டாலும் மெட்டுப் போட்டவர் இசையமைப்பாளர்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1994 திருத்தத்தில். பாவலர் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார். கட்சிக்காகப் பாடியவர் அவர். மக்கள் நாவில் புழங்கிய சினிமா மெட்டுகளையும் தயங்காமல் எடுத்துக்கொண்டவர். யாருடைய மெட்டு என்ற கேள்வி அந்த மேடைக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அங்கே பாட்டிலிருந்து யாருக்கும் பணம் வரவில்லை.

இன்று வருகிறது. அதனால்தான் பாடகர், பாடலாசிரியர் அறிவின் கதையை மூணாறிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அரக்கோணத்துக்காரரான அறிவு 2018-இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த ‘காலா’வில் அவர் எழுதிய பாட்டு இடம்பெற்றது. 2019-இல் ‘தெருக்குரல்’ தனி ஆல்பம். 2021-இல் ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ பட்டிதொட்டியெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோதே, மார்ச் 7 அன்று ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அதில் படம் இல்லை, நாயகன் இல்லை, கதைச் சூழலும் இல்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாமல் ஊர் திரும்பிய தலைமுறையின் வாழ்க்கைதான் அந்தப் பாட்டின் அடிப்படை. ஒப்பாரியையும் ராப்பையும் ஒரே மூச்சில் சேர்த்த அது யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

மூணாறின் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் வாழ்பவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தென்மாவட்டங்களில் பஞ்சமும் சாதியும் துரத்திய குடும்பங்களில் ஒரு பகுதியைக் கங்காணி கடல் கடத்தி இலங்கைக்குக் கூட்டிப்போனார். இன்னொரு பகுதி கண்ணன் தேவன் மலைகளுக்கு ஏறியது. கடல் தாண்டிப் போனவர்களின் குடியுரிமையை 1948-இல் இலங்கை பறித்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. வள்ளியம்மாளின் தலைமுறை அந்த எண்ணிக்கைக்குள் வாழ்ந்தது. இங்கே ஏறியவர்கள் கடலைத் தாண்டவில்லை. 1956-இல் மாநில எல்லை அவர்களைத் தாண்டிப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நிலம் இங்கேயும் கம்பெனியுடையது. ஓய்வுபெற்ற அன்றே லயத்து வீட்டை விட வேண்டும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேரை இழந்தோம். ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது அதற்குச் சரியாக ஏழு மாதம் கழித்து. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் இல்லை என்பதை உலகம் ஆடிக்கொண்டே கேட்டது. எனக்கு அந்தப் பாட்டு அன்றும் இன்றும் ஓர் இழவு வீட்டுப் பாட்டுதான்.

பிறகு நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில், அந்தப் பாட்டை அறிவோடு சேர்ந்து பாடிய தீயும், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டிலும் எழுத்துப் பங்கு கொண்ட அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதைப் பொதுவெளியில் கேட்ட பிறகு, அறிவை வைத்து இன்னொரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடி நடித்ததும் தானே என்று அறிவு அறிக்கை விட்டார். இசையமைத்தது தான் என்றும், உரிமையும் வருமானமும் அறிவு, தீ, தான் ஆகிய மூவருக்கும் சமம் என்றும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார். அறிவின் பங்கைத் தான் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை என்று தீ எழுதினார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் எந்த வரியை எப்போது பாடிக் காட்டினார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் சண்டையின் வேர் சினிமாப் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சினிமாப் பாட்டில் மூன்று பெட்டிகள்: இசை, பாடல், குரல். மெட்டு முதலில் வரும், அதற்கு வரி எழுதப்படும், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். இந்த வரிசையில் வேலை பார்க்கும்போது யாருக்கும் குழப்பம் இல்லை. ‘வாத்தி ரெய்டு’க்கு யார் என்ன செய்தார்கள் என்று யாரும் அடித்துக்கொள்ளவில்லை. ஒப்பாரி அப்படிப் பிறப்பதில்லை. அதில் சொல்லும் இழுப்பும் மூச்சும் ஒன்றாகவே வரும். சொல்லை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை இன்னொருவர் பெயரில் எழுத முடியாது. பாட்டியிடம் கேட்டதைப் பேரன் பாடிக் காட்டும்போது அங்கே வரியும் மெட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வருகின்றன. அதன்மேல் தாளமும் ஒலிக்கோவையும் கட்டியெழுப்புவது பெரிய கலை, அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்த பாட்டை, சினிமாவின் மூன்று பெட்டிகளுக்குள் போட்டதில்தான் வினை. அந்தப் பெட்டிகளில் ‘பாடல்’ எப்போதும் இரண்டாம் இடத்துக்காரர். அந்த இரண்டாம் இடத்தில் ஒரு தலித் இளைஞர் நிற்கும்போது, மேடையிலிருந்தும் அட்டையிலிருந்தும் அவர் மறைவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இரஞ்சித் சுட்டியது இதைத்தான், அவர் சுட்டியது சரி.

சட்டம் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் போராடிப் பெற்ற 2012 திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று ஆக்கியது. படத்தில் சேராத தனிப்பாடலுக்கும் இது பொருந்தும். பாடுபவருக்கும் தனியாக ஒரு ராயல்டி உரிமை உண்டு. 2017-இல் ஐ.பி.ஆர்.எஸ். முறைப்படி உரிமைச் சங்கமாக மறுபதிவு பெற்ற பிறகு பணம் வாங்க ஒரு வழியும் இருக்கிறது. ஆனால் இசையமைப்பாளர் யார் என்று காகிதத்தில் எழுதியிருப்பதையே சட்டம் நம்பும். அந்தக் காகிதம் தோழமையின் பெயரால் தள்ளிப்போடப்படுகிறது. பாட்டு ஓடாவிட்டால் நஷ்டம் யாருக்கும் இல்லை. ஓடிவிட்டால், நிரூபிக்கும் பாரம் பெயர் சிறியவர் தலையில்.

காகிதம் இருந்தால் மட்டும் போதுமா? 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டு முடிந்தபோது, அதை வெளியிட்ட ‘மாஜா’ நிறுவனத்திடமிருந்து தங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். சமமாகப் பிரிப்பதாக மூவருக்குள் பேசிக்கொண்டது நல்ல பேச்சுதான். கணக்கைப் பார்க்கும் உரிமை இல்லாவிட்டால் அந்தச் சமம் சோறு போடாது.

இந்த இடத்தில் 2015 செப்டம்பரை நினைக்காமல் இருக்க முடியாது. 2005-இல் டாடா டீ மூணாறுத் தோட்டங்களை விட்டு விலகி, கே.டி.எச்.பி. கம்பெனி உருவானபோது தொழிலாளர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். பத்து ஆண்டு கழித்து, லாபம் குறைந்துவிட்டது, போனஸ் 10 சதவீதம்தான் என்று அறிவித்தார்கள். கொழுந்து கிள்ளும் பெண்கள் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பங்குதாரர் என்ற காகிதம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. லாபம் எங்கே போனது, எங்கள் உழைப்புக்கு என்ன விலை என்று கேட்கும் துணிவைத்தான் வீதியில் உட்கார்ந்து சம்பாதித்தார்கள். அறிவு கேட்டதும் அதே கேள்வி. அதைத் தற்பெருமை என்று ஒதுக்கியவர்களுக்குத் தேயிலை மலையின் வரலாறு தெரியாது.

அறிவு பிறகு ‘அம்பாசா’ என்ற குழுவைக் கட்டினார். 2024-இல் வந்த ஆல்பத்துக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். சினிமாவுக்கும் எழுதுகிறார். அதில் முரண் எதுவும் இல்லை. தனிப்பாட்டு மட்டும் பாடி அடுப்பெரிக்கும் நிலை தமிழில் இன்னும் வரவில்லை. சினிமா தரும் கூலிதான் தனிப்பாட்டுக்கு முதலீடு. அதனாலேயே சினிமாவின் பழக்கத்தைத் தனிப்பாட்டுக்குள் கொண்டுவராமல் இருக்க வேண்டும். மெட்டு யாருடையது, சொல் யாருடையது, ஒப்பாரி எந்தப் பாட்டியிடமிருந்து வந்தது, யாருக்கு எத்தனை பங்கு, கணக்கை யார் எப்போது காட்டுவார்கள் என்று ஒலிப்பதிவு தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது பெரிய வேலை அல்ல.

மூணாறிலும் இது அவசரம். இங்கே கைப்பேசியில் ராப் எழுதும் பிள்ளைகள் லயங்களில் வளர்கிறார்கள். இலங்கை மலையகத்துக்கு ஒரு சி.வி. வேலுப்பிள்ளை கிடைத்தார், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். நம் மலையின் பாட்டுகளைப் பாடியவர் பெயரோடு தொகுக்கும் வேலையை இங்கே உள்ள தொழிற்சங்கங்களும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் கையில் எடுக்கலாம். ஒப்பாரி கேட்டு மலையேறி வரும் இசையமைப்பாளரிடம் நீட்டுவதற்கு ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தையும் அவர்களே தமிழில் அச்சடித்து வைக்கட்டும்.