குன்றிமணியும் கூழாங்கல்லும்

மின்விசிறிக்கு உத்தரவாதச் சீட்டுக் கேட்டு ஒரு கடை வாசலில் நான் அரை நாள் நின்ற கதையைச் சென்ற மாதம் இங்கே படித்துவிட்டு, அச்சடித்த காகிதத்தையெல்லாம் எழுத்தெழுத்தாக வாசிக்கும் துர்ப்பழக்கத்தை இனியாவது விட்டுவிடும்படி எழுதிய அன்பர்களுக்கு முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: விடவில்லை. இந்த வாரம் என் நிம்மதியைக் குலைத்ததும் அச்சடித்த ஒரு வரிதான்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் அருப்புக்கோட்டைக் கடைவீதியில் வாங்கிய கிலுகிலுப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியின் மேற்புறத்தில் பல் முளைக்காத ஒரு குழந்தை சிரிக்கிறது. அடிப்புறத்திலோ, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், இது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உகந்ததன்று என்று ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுப் பிள்ளை வேலியில் ஓணான் துரத்தப் போகுமா, கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்குமா? மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "சார், அது எல்லாப் பெட்டியிலயும் போட்டிருக்கும். அதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்று, நோயாளியைப் பார்க்கும் பரிவோடு அவர் என்னைப் பார்த்தார்.

சட்டம் இல்லாமலில்லை. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வெளியாகி, 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத பொம்மையை விற்கலாகாது. அந்த முத்திரைக்காகப் பொம்மைகளுக்கு நடத்தும் சோதனைகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு உருளை. அதன் உட்குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அடிப்பாகம் சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். சிறு குழந்தையின் தொண்டைக்குப் பிரதிநிதியாக நிற்கும் அந்தக் குழிக்குள் பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ முழுதாக அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை கையில் போகத் தக்கதன்று. இவ்வளவு சிரத்தையுள்ள சட்டம் இருக்கையில், மேலே ஒரு குழந்தையையும் கீழே ஒரு கையலம்பலையும் அச்சடித்து விற்பது என்ன நியாயம் என்று விஸ்தாரமாக எழுதி, மந்திரிக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிப்பதாகத்தான் உத்தேசித்திருந்தேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை குழந்தையையும் தூக்கிக்கொண்டு திருச்சுழிக்குப் போக நேர்ந்தது.

திருச்சுழி, பக்தர்களுக்குச் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். யாத்திரிகர்களுக்கு 1879-இல் ரமணர் பிறந்த ஊர். எனக்கு அத்தை வீடு. எண்பது பிராயம் கடந்துவிட்ட அத்தைக்குக் கண் சற்று மங்கலே தவிர விரலுக்கு மங்கல் கிடையாது. குழந்தையை மடியில் வாங்கியவள், அதன் வலது கை முஷ்டியைத் தன் கட்டைவிரலால் மெதுவாகப் பிரித்து, அந்தக் கட்டைவிரலையே பிடித்துக்கொள்ளக் கொடுத்து, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அளவெடுத்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பரணில் நிழற்காய்ச்சலாக உலர்த்திவைத்திருந்த பனங்குருத்தோலையை எடுத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதப்படுத்தி, ஈர்க்கைப் பிரித்தெறிந்து, ஒரு விரற்கடை அகலத்துக்கு நகத்தாலேயே கீறினாள். கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி மடித்து இழுக்க இழுக்க, கண்ணெதிரே எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு சதுரப் பெட்டி எழும்பிற்று. ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்திருக்கையில், முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஐந்து கூழாங்கற்களை எடுத்து உள்ளே போட்டாள். தண்ணீரைவிட மணலையே அதிக நாள் காட்டும் நம் குண்டாற்றில் பொறுக்கியவை அவை. வாயை மூடியபின், முதல் பின்னலின் மேலேயே இரண்டாவது ஒரு பின்னலையும் ஓட்டி, மிஞ்சிய கீற்றுகளைத் திரித்துக் கைப்பிடியாக்கினாள். அந்தக் கைப்பிடி அவள் கட்டைவிரல் கனமே இருந்தது.

இங்கே நான் என் படிப்பைக் காட்ட ஆசைப்பட்டேன். என் பால்யத்தில் திருவிழாக் கடையில் வாங்கிய ஓலைக் கிலுகிலுப்பையில் குன்றிமணி இருந்த ஞாபகத்தில், "குன்றிமணி போடக் கூடாதா அத்தை? சத்தம் நயமாக இருக்குமே" என்றேன்.

"ஏ மருமகனே, வாயில வைக்கிற சாமானுக்குள்ள குன்னிமுத்தை எவளாவது போடுவாளா? ஓலை பிஞ்சா என்ன செய்வே?"

பொன் நிறுக்கத் தட்டான் வைத்திருந்த அந்தச் சிவப்பு மணி கொடிய விஷம். ஓடு கெட்டியாதலால் முழுசாக விழுங்கப்பட்டது சில வேளை தீங்கின்றி வெளியேறிவிடலாம். கடிபட்டாலோ, கோப்பதற்காகத் துளையிடப்பட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. பழையதெல்லாம் பத்திரமானது என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேடையில் நானும் ஏறியவன்தான். பாட்டிமார் கைப்பொருளிலும் நஞ்சு புகுந்திருக்கிறது. அதைத் தடுத்தவர்களும் வேறு பாட்டிமார்களே.

வேலை முடிந்ததும் அத்தை செய்ததைத்தான் இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிலுகிலுப்பையின் ஒவ்வொரு மூலையையும் தன் மூடிய கண்ணிமையின் மேல் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு மூலை உறுத்திற்று போலும். அந்த நுனியைப் பல்லால் கடித்து மழுக்கி, மறுபடியும் இமையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்புறந்தான் குழந்தை கையில் கொடுத்தாள்.

குறுந்தொகை தலைகாட்டாத மாதம் இந்தப் பத்தியில் கிடையாது என்று பரிகசிப்பவர்கள் இந்த மாதமும் பொறுத்தருள வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த அந்நூலின் மறுபதிப்பு ஒன்று, முதுகு பிரிந்து நூல் தொங்கும் நிலையிலும் என் தலைமாட்டை விட்டு அகல்வதில்லை. அதில் ஏழாம் பாட்டில், காற்று மோதும்போது வாகையின் வெண்ணிற நெற்றுகள் குலுங்கும் ஓசைக்குக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலி உவமையாகிறது. ஆட்டுகிற கைதான் இல்லையே தவிர, இதுவும் கிலுகிலுப்பைதான். நம் கரிசற் காட்டு ஓரங்களில் மஞ்சட்பூப் பூத்து, காய் முற்றினால் உள்ளே விதை கலகலக்கும் செடிக்குக் கிலுகிலுப்பை என்றே பெயர் வைத்தவன், தொட்டிலருகே கண்விழித்த தகப்பனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிரியமானது அறுபத்தொன்றாம் பாட்டு. தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டியில் ஏறிச் சவாரி போக இயலாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவர்களை அங்கே உவமையாக்குகிறார் தும்பிசேர் கீரனார். தலைவனோடு கூடியிருக்க வாய்க்காவிடினும் அவன் நட்பே இன்பந்தான் என்பது கருத்து. உவமையை விட்டுவிட்டு நான் எப்போதும் தச்சனிடமே நின்றுவிடுவேன். அந்த வண்டி வீட்டில் செய்ததன்று, தொழிலாளி செய்தது. ஆகையால் வாங்குவது பாவம், செய்வது புண்ணியம் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தச்சன் அதே தெருவில் இருந்திருப்பான். வண்டியை இழுக்கப் போகிற கையைப் பார்த்திருப்பான். பெட்டியின் அடியில் வரி அச்சடித்தவர் எந்தக் கையையும் பார்த்ததில்லை. உலகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே தொண்டையைக் கற்பித்துக்கொள்ள வேண்டியவர், எச்சரிக்கையைத் தவிர வேறென்ன தர முடியும்? அவர்மேல் எனக்கிருந்த கோபம் புதன்கிழமையோடு தணிந்துவிட்டது.

கூழாங்கல்லும் அந்த உருளைக்குள் அடங்கக்கூடியதுதானே என்று கேட்கும் வாசகர் இருப்பார். நானும் திருச்சுழியிலேயே கேட்டேன். இரட்டைப் பின்னலைச் சுட்டிக்காட்டிவிட்டு அத்தை சொன்னாள்: "பிசிறு தட்டுச்சுன்னா அடுப்புல போட்டுரு, வேற பின்னித் தாரேன். அதுவரைக்கும், பிள்ளை கையில இதைக் குடுத்துட்டு நீ பேப்பர் படிக்க உக்காந்திராத."

அவளும் எச்சரிக்கை வாசகம் வைத்திருக்கிறாள். அது குழந்தையின் வயதைப் பற்றியதன்று, என்னைப் பற்றியது. ஆகவே பேத்தி பாயில் உட்கார்ந்து அதை ஆட்டுகிற நேரத்தில் நான் ஒன்றும் படிப்பதில்லை; அவள் தூங்கும் நேரத்தில் எழுதிய பத்தி இது. தொட்டிற் சேலை இப்போது அசைகிறது. காலையில் கிலுகிலுப்பையை என் இமையில் தேய்த்துப் பார்த்தபோது ஒரு மூலை இலேசாக உறுத்திற்று. எங்கள் வீட்டு எரிவாயு அடுப்பில் அதைப் போடவும் வழியில்லை. நாளை மறுபடியும் திருச்சுழி போக வேண்டும். மந்திரிக்கு விண்ணப்பம் அடுத்த வாரம்.