ஊசி முனையில் ஒரு வியாபாரம்

சென்ற வாரம் களமருதூரில், நடவு முடித்துக் கரையேறிய பெண் தொழிலாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தோம். கூலி, ரேஷன், வேலை நாட்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் நாம் சற்றும் எதிர்பாராத ஒரு விஷயத்தைக் கேட்டார். அவருடைய மகளுக்கு 30 வயது. சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது, வாயோரம் கோடு விழுந்துவிட்டது, இனிமேல் கடையின் முன்பக்கத்தில் நிற்க வைக்கமாட்டேன் என்கிறார்கள், முகத்தில் ஊசி போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமாம், 20 ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று மகள் போனில் அழுதாளாம்.

“தம்பி, அப்படி ஒரு ஊசி இருக்குதா? போட்டா உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. முகச் சுருக்கத்துக்கு ஊசி என்பது பட்டணத்துச் சீமாட்டிகளின் சமாச்சாரம் என்று நாமும் இதுவரை ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். அது தவறு. வியாபாரம் வயல் வரப்பு வரை வந்துவிட்டது. எனவே இதைப் பற்றித் தெளிவாகப் பேசுவது அவசியமாகிறது.

அப்படி ஓர் ஊசி இருக்கிறது. தோலுக்கு அடியில் பசை போன்ற ஒரு பொருளை ஏற்றி, குழிந்த இடத்தை நிரப்புவதால் அதற்கு ‘ஃபில்லர்’ என்று பெயர். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலூரானிக் அமிலம். 1934-ல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இரு விஞ்ஞானிகள் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் ஒவ்வொருவர் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே உள்ள பொருள்தான் இது. முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாக்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். சுருக்கத்துக்கான முதல் ஹயலூரானிக் ஊசிக்கு அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2003 டிசம்பரில் அனுமதி அளித்தது.

இந்த ஊசியின் பலன் நிரந்தரமானதல்ல. ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை இருக்கும். பிறகு உடல் அதைக் கரைத்துவிடும். மீண்டும் பணத்தோடு போய் நிற்க வேண்டும். கிராமப்புற வேலைத் திட்டத்தில் 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 20 ஆயிரம் ரூபாய் என்பது ஏறத்தாழ 60 நாள் கூலி. வெயிலில் 60 நாள் வெந்து சம்பாதித்ததைக் கொடுத்து, வெயில் போட்ட கோட்டை ஒரு வருஷத்துக்கு அழிப்பதா?

பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஊசி ரத்தக்குழாய்க்குள் தவறி இறங்கிவிட்டால், அந்தப் பசை ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். தோல் வெளுக்கும், பிறகு கறுத்து அழுகும். நெற்றிப் பொட்டிலும் மூக்குத் தண்டிலும் உள்ள குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயுடன் தொடர்புடையவை. அடைப்பு அங்கே போய்விட்டால் பார்வை பறிபோகும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்த அமிலத்தைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது கையருகே இருக்க வேண்டும். ஆபத்தை உடனே கண்டுகொள்ளும் டாக்டரும் அருகே இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் பின்னறையில் இவை இரண்டும் இருக்குமா?

சரித்திரம் நமக்கு எச்சரிக்கை செய்கிறது. 1899-ல் வியன்னா நகரில் கெர்சுனி என்ற டாக்டர் வாசலினை உடலுக்குள் ஏற்றிப் பார்த்தார். அதைத் தொடர்ந்து மெழுகு ஊசி ஐரோப்பாவில் ஒரு மோகமாகவே பரவியது. மூக்கை அழகு செய்ய மெழுகு ஏற்றிக்கொண்ட கிளாடிஸ் டீகன் என்ற பேரழகி, பின்னாளில் மார்ல்பரோ பிரபுவின் மனைவியானார். ஆனால் ஏற்றிய மெழுகு முகவாய்க்கு இறங்கி அவர் முகத்தையே குலைத்துவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின், ஜப்பானில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் ரசனைக்காக ஏழைப் பெண்களின் மார்பில் சிலிக்கோன் திரவத்தை ஏற்றினார்கள். சிப்பாய்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டியும் புண்ணும் அந்தப் பெண்களோடு நின்றுவிட்டன. லாபம் ஒருவருக்கு, புண் வேறொருவருக்கு என்பதுதான் இந்த வியாபாரத்தின் பழைய நியதி.

இன்று அந்த லாபம் எவ்வளவு தெரியுமா? போடாக்ஸ் ஊசியையும் ஜூவிடெர்ம் என்ற ஃபில்லரையும் விற்கும் அலர்கன் கம்பெனியை, ஆப்வீ என்ற மற்றொரு ராட்சதக் கம்பெனி 2020-ல் சுமார் 6,300 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. பெண்கள் தங்கள் முகத்தைக் கண்டு தாங்களே அஞ்சினால்தான் இவ்வளவு பெரிய மூலதனத்துக்கு வட்டி கிடைக்கும். அந்த அச்சத்தைத்தான் விளம்பரங்கள் இரவு பகலாகக் கைபேசியில் உற்பத்தி செய்கின்றன.

நம் மாநிலத்தில் நிலைமை என்ன? 2016 மே மாதத்தில், சென்னையில் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அவர் போன இடம் அழகு நிலையத்துக்கான உரிமம் மட்டுமே வைத்திருந்தது என்பது அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. டாக்டருக்குப் படித்தவரே ஏமாந்தார் என்றால், படிக்காத ஏழைப் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? 2021 ஏப்ரலில் ஓர் இளம் சினிமா நடிகை, முக சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குக் கீழே வீங்கிப்போன தன் படத்தை வெளியிட்டார். தன்மீது தவறில்லை என்று சிகிச்சை செய்தவர் மறுத்தார். யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. நடிகைக்குக் குரல் இருந்தது; ஊர் கேட்டது. ஜவுளிக்கடைப் பெண்ணின் முகம் வீங்கினால் யார் கேட்பார்கள்?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தகுதியில்லாமல் மருத்துவம் செய்பவருக்கு ஒரு வருஷம் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றியது. ஆனால் அதற்கான விதிகள் வந்தது 2018-ல்! 21 வருஷம் அந்தச் சட்டம் ஏட்டிலேயே உறங்கியது.

ஏட்டிலுள்ள சட்டம் உயிரைக் காப்பாற்றாது என்பதைக் கள்ளக்குறிச்சி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கள்ளச்சாராயத்துக்கு எதிராகச் சட்டம் அன்றும் இருந்தது. பிணங்கள் விழுந்த பிறகுதான் அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள். பிறகுதான் தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஊசி விஷயத்திலும் சர்க்கார் பிணத்துக்காகக் காத்திருக்கப் போகிறதா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏழைக்கு அழகு எதற்கு என்று ஏளனம் செய்பவர்களோடு நாம் ஒருபோதும் சேரமாட்டோம். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்பு சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது அப்படிச் சிலர் ஏளனம் செய்தார்கள். தீயில் வெந்த முகமும், நோயில் ஒட்டிய கன்னமும் சீர்பட வேண்டும் என்று விரும்புவது மனித உரிமை. எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னத்தை நிரப்புவதற்கென்றே 2004-ல் அமெரிக்காவில் ஓர் ஊசிக்கு அனுமதி அளிக்கப்பட்டது. விஞ்ஞானம் நமக்கு எதிரியல்ல. விஞ்ஞானத்தைப் பயத்தோடு கலந்து விற்கும் வியாபாரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே நாம் கோருவது இவைதான்:

முகத்தில் ஊசி போடும் ஒவ்வொரு நிலையத்தையும் மாவட்ட சுகாதார இலாகா சோதனையிட வேண்டும். பதிவு பெற்ற, இதற்கெனப் பயிற்சி பெற்ற டாக்டரைத் தவிர வேறு யாரும் ஊசியைத் தொடக்கூடாது.

மாற்று மருந்து கைவசம் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கூடாது. என்ன பொருள், யார் தயாரித்தது என்பதை எழுதி, சிகிச்சை பெறுபவர் கையில் கொடுக்க வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசி போடுவதை இங்கிலாந்து 2021 அக்டோபர் முதல் தடை செய்தது. அதே போன்ற தடை இங்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுவே முதன்மையானதும் கூட. முகத்தில் கோடு விழுந்தது என்பதற்காக ஒரு பெண் தொழிலாளியை வேலையிலிருந்து தள்ளுவதும், பின்னால் ஒதுக்குவதும் குற்றமாக வேண்டும். கடைகளில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்க 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. முகத்தின் உரிமைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

களமருதூர் அம்மாளுக்கு நாம் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறோம். “அம்மா, ஊசி இருக்கிறது. தெரிந்த டாக்டர் போட்டாலும் ஆபத்து கொஞ்சம் உண்டு. தெரியாதவன் போட்டால் கண்ணே போகலாம். ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய் முகத்தில் இல்லை, அவள் வேலை செய்யும் கடையில் இருக்கிறது. அதற்கு மருந்து ஊசியில் இல்லை. கடையில் வேலை செய்யும் அத்தனை பெண்களும் சேர்ந்து கேட்டால் அந்த மருந்து கிடைக்கும். மகளை ஊருக்கு வரும்போது நம்மிடம் பேசச் சொல்லுங்கள்.”

அவர் தலையாட்டினார். பொங்கலுக்கு வருவாள், கூட்டி வருகிறேன் என்றார். சிரித்தபோது கண்ணோரத்தில் நூறு கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளில் ஒன்றுகூட வெட்கப்பட வேண்டியதல்ல.