எல்லாம் ஜீன்ல இருக்காம்!

"எல்லாம் ஜீன்ல இருக்கு மச்சி, வர்றவனுக்கு எப்படியும் வரும்" என்று கையில் சிகரெட்டோடு தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய மூதாதை உண்டு. புள்ளியியல் வகுப்பில் எஃப் டெஸ்ட் போட்டு மண்டை காய்ந்த எல்லாருக்கும் தெரிந்தவர்தான், ரொனால்ட் ஃபிஷர். புகைக்கும் ஆசையும் நுரையீரல் புற்றுநோயும் ஒரே மரபணுவிலிருந்து வரலாமே என்று 1958-ல் கேட்டார். (அவரே பைப் பிடிப்பவர், சிகரெட் உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகர் வேறு. கேள்வி வராமல் இருக்குமா?)

சரி, தேடினார்கள். 2008-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் 15-ஆவது குரோமோசோமில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தன. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அந்த மாற்றம் வந்தால் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடும். இருவரிடமிருந்தும் வந்தால் சுமார் 80 சதவீதம். சிகரெட்டுக்கு? 15 முதல் 30 மடங்கு! சதவீதத்துக்கும் மடங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னதான் கணக்கு படித்தார்களோ.

கூத்து இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவை நிகோடின் போய் ஒட்டும் ஏற்பிகளின் ஜீன்கள். மாற்றம் உள்ளவர்கள் அதிகமாகப் புகைக்கிறார்கள், விட முடியாமல் தவிக்கிறார்கள். பெட்டிக்கடைப் பக்கமே போகாதவனை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால் "என் ஜீன் சரியில்லை" என்கிறவன்தானே முதலில் பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டும்?

புகையே தொடாமல் பரம்பரையாக நோய் வாங்குகிறவர்கள் உண்மையிலேயே உண்டு. ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனின் ஒரு மாற்றம் ஒரே குடும்பத்தில் பலருக்கு நோயைக் கொடுத்ததை 2005-ல் பதிவு செய்தார்கள். மிக அபூர்வம். அந்த அபாக்கியசாலிகளைச் சாக்காகக் காட்டித்தான் இங்கே அடுத்த சிகரெட் பற்ற வைக்கப்படுகிறது.