ஹார்ட் டிஸ்க்கையும் கொஞ்சம் கவனியுங்கள்

அரிசி டின்னை மாதம் ஒரு தரம் கவிழ்த்து வண்டு பார்க்கிற நாம், வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தை தவழ்ந்தது, காது குத்தினது, மாமியார் பாடின தாலாட்டு எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது!

பழைய ரக டிஸ்க்கில், பளபளவென்று ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். அதைத் தொடாமல் ஒரு சின்ன முனை மேலே மிதந்தபடி எழுதும், படிக்கும். எழுதும்போது கரண்ட் போனால், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற கணக்கு குழம்பிவிடும். இதை நாமே சரி பண்ணிவிடலாம். தட்டே கெட்டுப்போனால் மருந்து கிடையாது. கெட்ட இடத்தை ஒதுக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் ஃபைல் திறக்க யுகமாகிறது என்றால், முதல் வேலையாகப் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சோதனை அப்புறம். தளர்ந்துபோன டிஸ்க்குக்கு அந்தச் சோதனையே பெரிய பாரம். எங்கள் வீட்டில் நாத்தனார் பையன், "மாமி, முதல்ல ரிப்பேர் போட்டுடலாம்" என்று குதித்தான். நான் விடவில்லை. காப்பி எடுத்து முடித்த மூன்றாம் நாள் டிஸ்க் ஒரேயடியாக நின்றே போச்சு! 'டிக் டிக்' என்று சத்தமே வந்தால் சோதனையும் வேண்டாம். அணைத்துவிட்டு, தகவல் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுங்கள்.

இனி சோதனை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'திஸ் பிசி'யைத் திறந்து, சி டிரைவின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டூல்ஸ்', பிறகு 'செக்'. தேவையில்லை என்று அது சொன்னாலும் 'ஸ்கேன் டிரைவ்' கொடுங்கள். தப்பு கிடைத்தால் சரி செய்யவா என்று கேட்கும். கம்ப்யூட்டரை ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்யவும் சொல்லலாம். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில்கூட ஓடும். இட்லி வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்கிற அவசரம் இங்கே உதவாது, நடுவில் சுவிட்சை அணைக்கவே கூடாது. ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு.

இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் சுழலும் தட்டே கிடையாது. எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். அதற்கும் இதே சோதனைதான். ஆனால் அது முனகாது, முரண்டு பிடிக்காது. சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதிலிருக்கும் படங்களுக்கு இந்த வாரமே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.