கோடியக்கரைச் சேறும் சேதுக் கால்வாயும்



வேளாங்கண்ணிக்கு வரும் திருப்பயணிகளில் பலர் வேதாரண்யத்தைக் கடந்து கோடியக்கரை வரை செல்வதில்லை. தெற்கு நோக்கி இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. அந்த முனையிலிருந்து முத்துப்பேட்டை வரை உப்புச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. மேற்குக் கோடியில் கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரிக் கிளைகள் கலக்கும் காயலும், அதைச் சூழ்ந்த அலையாத்திக் காடும், படகுகள் ஒதுங்க இயற்கையே அமைத்த துறையாக உள்ளன.

பார்ப்பவர்க்கு இது வெறும் சேறு. ஆனால் புழுவும் இறால் குஞ்சும் வளர்வது இச்சேற்றில்தான். குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியிலிருந்து உள்ளான்கள் இங்கு வருகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரைச் சலித்து உண்ணும். வெளிமானுக்காக 1967-இல் சரணாலயம் அமைந்தது. 2002-இல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காட்டைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை.

இக்கடலின் வழியேதான் 2005-இல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது. 167 கி.மீ. நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். பாக் நீரிணையில் தூர்வாரும் பணியும் நடந்தது. பின்னர் எழுந்த வழக்கும் வாதமும் ஏறக்குறைய முழுவதும் ராமர் பாலத்தைப் பற்றியே சுழன்றன. இந்தச் சேற்றைப் பற்றி யார் பேசினார்கள்? ஆற்றுவண்டலும் கடல்மணலும் வந்து சேரும் ஆழமற்ற கடல் இது. ஒருமுறை தோண்டினால் வேலை முடிவதில்லை, ஆண்டுதோறும் வார வேண்டும். வாரும்போது நீர் கலங்கும். கலங்கிய நீரில் வெயில் இறங்காவிட்டால் கடற்புல் வளராது.

2022 செப்டம்பரில் நம் மாநில அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்த விலங்கின் உணவே கடற்புல்தான். நான்கு மாதம் கழித்து, 2023 சனவரியில், கால்வாய்த் திட்டத்தை நிறைவேற்றக் கோரி அதே பாக் கடலுக்காகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது நமக்கு விளங்கவில்லை.

துறைமுகமும் வேலைவாய்ப்பும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் திட்டம் மீண்டும் எழுந்து கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமானால், நம் மீனவப் பங்கு மக்கள் ஒன்றையாவது கேட்க வேண்டும்: வாரிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள்?