கணப்படுப்புப் பலகையில் பிறந்த கித்தார்

மின்கித்தார் ஒன்று வேண்டுமென்று மகன் கேட்கிறான். விலையைக் கேட்ட தந்தை பெருமூச்செறிகின்றார். பல இல்லங்களில் நிகழும் காட்சிதான் இது. கடையில் வாங்குவதும், இல்லையென்று மறுப்பதும் மட்டுமே வழிகளல்ல. மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. கித்தாரின் உடற்பலகை, மெட்டுகள் பதித்த கழுத்து, காந்தச் சுருள்கள், முறுக்காணிகள், திருகுகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து இன்று விற்கின்றார்கள். அவற்றைப் பொருத்தி மெருகேற்றுவது வாங்குபவரின் பொறுப்பு. இத்திங்கள் நாம் அவ்வேலையைப் பற்றியும், அதனினும் கடினமானதொரு வேலையைப் பற்றியும் சிந்திப்போம்.

மின்கித்தாரின் இரகசியம் எளியது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதற்கு மேலே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகின்றது. ஒலிபெருக்கி அதனை வளர்த்து நம் செவிக்குத் தருகின்றது.

பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் பூச விரைபவரே பெரும்பாலும் ஏமாறுகின்றார். முதலில் பூச்சின்றியே அனைத்தையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கழுத்து நேராக அமைந்திருக்கின்றதா, இரு ஓரத் தந்திகளும் கழுத்தின் விளிம்புகளிலிருந்து ஒத்த தொலைவில் செல்கின்றனவா என்று நோக்க வேண்டும். பின்னர் அனைத்தையும் கழற்றி, மரத்தின் இழைவாக்கிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் ஏறியபின் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். மரத்தின் நுண்துளைகளை அடைத்து, பூச்சை மெல்லிய படலங்களாகப் பலமுறை ஏற்றி, ஒவ்வொன்றும் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். இறுதியில் பன்னிரண்டாம் மெட்டில் சோதனை. அம்மெட்டு தந்தியின் பாதி நீளத்தில் இருப்பதால், அங்கே அழுத்தி மீட்டும் ஒலி, அழுத்தாத தந்தியின் ஒலிக்கு மேல்ஸ்தாயியாக அமைய வேண்டும். ஒலி கூடினால், தந்தி தங்கும் பாலத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ள வேண்டும். இவ்வேலைக்குக் கைத்திறனைவிடப் பொறுமையே மிகுதியும் தேவை.

இத்தகைய பெட்டிகூட இல்லாமல் கித்தார் செய்த ஒரு தந்தையையும் மகனையும் நாம் இங்கு நினைவுகூர்கின்றோம். 1963ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரையடுத்த ஃபெல்தம் என்னும் ஊரில் பதினாறு வயதுச் சிறுவன் பிரையன் மே, நல்ல மின்கித்தார் ஒன்றுக்காக ஏங்கினான். வாங்க வசதியில்லை. அவனுடைய தந்தை ஹரால்ட் மே வரைபடப் பணியாளர். மின்னணுக் கருவிகளில் கைதேர்ந்தவர். ‘நாமே செய்வோம்’ என்று இருவரும் முனைந்தனர்.

நூறாண்டு கடந்த பழைய கணப்படுப்பின் மேற்பலகை கித்தாரின் கழுத்தாயிற்று. அம்மரத்திலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மேசையின் கருவாலி மரம் உடலின் நடுப்பகுதியாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்விற்கள் தந்திகளின் இழுவிசையைத் தாங்கின. தாயாரின் பொத்தான் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்தில் அடையாளப் புள்ளிகளாயின. அவருடைய பின்னலூசியின் முனையும் ஒரு நெம்புகோலின் நுனியில் இடம்பெற்றது. காந்தச் சுருள்களையும் முதலில் தாங்களே சுற்றிப் பார்த்தனர். ஒலி மனநிறைவு தராமையால் அவற்றை மட்டும் கடையில் வாங்கினர். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்தார்கள்; மொத்தச் செலவு சுமார் 8 பவுன் மட்டுமே!

ஆனால் கதை இங்கு முடியவில்லை. பிரையன் வானியற்பியலில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். ‘குவீன்’ என்னும் இசைக்குழு புகழடையத் தொடங்கியதும் ஆய்வைக் கைவிட்டார். தந்தை மனமுடைந்தார். தம் கைகளாலேயே இழைத்துக் கொடுத்த கருவி மகனைத் தம் கனவினின்றும் பிரித்துவிட்டதே என்னும் வேதனை அது. ஒரே மேசையில் இரண்டு ஆண்டுகள் குனிந்து வேலை செய்த இருவருக்குமிடையே சிறிது காலம் பேச்சே அரிதாயிற்று. பின்னர் ஒருநாள், நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் மகன் அக்கித்தாரை மீட்டுவதைத் தந்தை நேரில் கண்டார். மகன் தெரிந்துகொண்ட வழி இன்னதென்று தமக்கு இப்போது புரிவதாகக் கூறினார்.

ஹரால்ட் மே 1991இல் காலமானார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது அதே கித்தார் ஒலித்தது. 2007இல், முப்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்த ஆய்வை நிறைவுசெய்து பிரையன் முனைவர் பட்டமும் பெற்றார். தந்தையின் ஆசை வீண்போகவில்லை. அதைக் காண அவர்தாம் இல்லை.

பெற்றோரே, மகனுக்குக் கருவி செய்து கொடுப்பது எளிது. அதனை அவன் தன் விருப்பப்படி மீட்ட இடங்கொடுப்பதே அரிது. இளைஞரே, உங்கள் பாதையைப் புரிந்துகொள்ளப் பெற்றோருக்குச் சிறிது காலம் தேவை. அக்காலத்தை அவர்களுக்குத் தாருங்கள். முதற்படலம் உலருமுன் இரண்டாவதைப் பூசினால் வார்னிஷ் சுருங்கிப்போகும். மனத்தாங்கலும் அவ்வாறே, ஆறுமுன் சொல்மேல் சொல் அடுக்கினால் உறவும் சுருங்கிவிடும். அத்தந்தையும் மகனும் பேசாதிருந்த நாட்களிலும், அவர்கள் ஒட்டிய ஒட்டு விலகவில்லை. நம் இல்லங்களில் நாம் சேர்ந்து இழைத்தது எது என்று இன்றிரவு உணவுவேளையில் எண்ணிப் பார்ப்போமா?