மூன்று பவுன் வரியை முறித்தது யார்?

1913-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் காந்திஜி சத்தியாக்கிரகம் செய்தார்; ஜெனரல் ஸ்மட்ஸின் வெள்ளை சர்க்கார் பணிந்தது. பள்ளிப் பாடத்தில் நம் குழந்தைகள் படிப்பது இவ்வளவுதான். இது பொய்யல்ல. ஆனால் பாதிக் கதை.

ஸ்மட்ஸ் எதைக் கண்டு பணிந்தார்? ஒரு மனிதரின் மன உறுதியைக் கண்டா? அல்லது ஆளிறங்காத சுரங்கங்களையும் வெட்டுவாரில்லாமல் நின்ற கரும்பையும் கண்டா? ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தப் போரில் ரத்தம் சிந்தியவர்கள் நம் வர்க்கத்தார். அவர்களில் மிகப் பலர் நம் தமிழ் மண்ணிலிருந்து போனவர்கள்.

கூலியின் கழுத்தில் கயிறு

1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் பஞ்சமும் கடனும் விரட்ட, ஐந்து வருஷச் சீட்டில் கைநாட்டு வைத்தவர்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை ஆகிய மூன்றும் அவர்கள் உழைப்பில் எழுந்தன. ஆரம்பக் கூலி மாதம் 10 ஷில்லிங். சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறினால் ஜெயில்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள். முதலாளிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1895-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். அல்லது ஊர் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். பிற்பாடு 16 வயது ஆண் பிள்ளைக்கும் 13 வயதுப் பெண் பிள்ளைக்கும் சேர்த்து இந்த வரியைப் போட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர். ஆக நான்கு பேருக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். அந்தக் கூலியின் சம்பாத்தியமோ மாதம் 14 ஷில்லிங்குக்கு மேற்படாது என்று காந்திஜியே எழுதியிருக்கிறார். வருஷம் முழுவதும் சேர்த்தாலும் 168 ஷில்லிங்! வருமானத்தை விஞ்சும் வரி உலகில் எங்கே உண்டு? கஜானாவை நிரப்புவது இதன் நோக்கமல்ல. அவிழ்ந்த மாட்டை மறுபடியும் நுகத்தில் பூட்டுவதே நோக்கம்.

இதோடு நிற்கவில்லை. இந்தியர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு அனுமதியின்றிக் கால் வைத்தால் குற்றம். 1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் மாகாண நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். நம் பெண்களையெல்லாம் ஒரே வரியில் மனைவி என்ற அந்தஸ்திலிருந்து தள்ளிவிட்டார்கள்!

சுரங்கம் நின்றது

1913 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சில தமிழ்ப் பெண்கள் எல்லையைத் தாண்டி நேட்டாலின் நியூகாஸில் நிலக்கரிப் பகுதிக்குப் போனார்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. கூலி லயன்களில் நுழைந்து, “இந்த வரி ஒழியும்வரை குழியில் இறங்காதீர்கள்” என்று எடுத்துச் சொன்னார்கள். தொழிலாளிகள் கருவிகளைக் கீழே போட்டார்கள். பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது. வேலை நிறுத்தமோ சுரங்கத்துக்குச் சுரங்கம் பரவியது.

முதலாளிகள் லயன்களில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினார்கள். தொழிலாளிகள் போர்வையும் மாற்றுத் துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். நவம்பர் 6-ம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை. வழியில் இரண்டு பச்சிளங் குழந்தைகள் மாண்டன. தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை. நான்கே நாளில் காந்திஜியை மூன்று முறை கைது செய்தார்கள். அப்போதும் ஊர்வலம் கலையவில்லை.

கடைசியில் அத்தனை பேரையும் மூன்று ரயில்களில் அடைத்து நேட்டாலுக்குத் திருப்பினார்கள். சுரங்க லயன்களையே ஜெயில் என்று பிரகடனம் செய்தார்கள். சுரங்க மேஸ்திரிகளையே வார்டர்களாக்கிச் சவுக்கைக் கையில் கொடுத்தார்கள். முதலாளியே ஜெயிலர், வேலைத்தலமே சிறை! சட்டம் யாருடைய சட்டம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சவுக்கடி பட்டும் அவர்கள் குழியில் இறங்க மறுத்தார்கள்.

இனி நடந்ததுதான் முக்கியம். காந்திஜி சிறையில்; மற்ற தலைவர்களும் சிறையில். போராட்டம் தீர்ந்தது என்று சர்க்கார் கணக்குப் போட்டது. அப்போதுதான் கடலோரக் கரும்புத் தோட்டங்கள் கிளர்ந்தன. தோட்டம் தோட்டமாகக் கரும்புக் கத்திகள் ஓய்ந்தன. டர்பன் நகரத்து உழைப்பாளிகளும் வேலைக்குப் போகவில்லை. மொத்தம் சுமார் இருபதாயிரம் பேர். மவுண்ட் எட்ஜ்கோம்ப் முதலிய தோட்டங்களில் போலீஸ் சுட்டு உயிர்களைப் பறித்தது. தில்லையாடி வம்சத்தில் வந்த பதினாறு வயது வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள்.

காந்திஜி பல வருஷம் மனுக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கார் அசையவில்லை. இருபதாயிரம் ஜோடிக் கைகள் ஓய்ந்தபின் விசாரணைக் கமிஷன் வந்தது. 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் செல்லும் என்று சட்டமாயிற்று. காந்திஜியின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உழைப்பாளி வேலையை நிறுத்தியிராவிட்டால் அந்தத் தியாகத்துக்குப் பலன் கிட்டியிருக்குமா?

கைகோர்க்காத குறை

வெற்றியின் குறையையும் சொல்ல வேண்டும். அதே 1913-ல் நிலச் சட்டம் ஒன்று போட்டு, அந்த மண்ணின் சொந்தக்காரர்களான கறுப்பு மக்களை நூற்றுக்கு ஏழு பங்கு நிலத்துக்குள் ஒதுக்கினார்கள். அதே வருஷம் புளூம்ஃபான்டீனில் ஆப்பிரிக்கப் பெண்கள் பாஸ் சீட்டை ஏற்க மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். இரண்டு போராட்டங்களும் தனித்தனியே நடந்தன. வரி போயிற்று, நிறவெறி போகவில்லை. 1948-க்குப் பின் அது மேலும் கொழுத்தது.

அந்தக் குறையைத் தீர்க்கக் கம்யூனிஸ்டுகள் பாடுபட்டார்கள். கம்யூனிஸ்டான டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கரோடு சேர்ந்து இந்தியர்கள் சார்பில் 1947-ல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஸூமாவோடு கை கோர்த்தார். 1952 ஜூன் 26-ல் ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒன்றாய்ச் சட்டத்தை மீறப் புறப்பட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளையர் வாசலில் நுழைந்தார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் சிறை புகுந்தார்கள். மண்டேலா, தாதூ முதலிய தலைவர்களைக் கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டத்தில் தண்டித்தார்கள். கறுப்பு மனிதன் பெஞ்சில் உட்கார்ந்தால் அது கம்யூனிசமாம்!

1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய நிராயுதபாணிகளில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் அந்த மக்கள் வேறு வழிகளையும் தேடினார்கள். அந்தப் பழியைச் சுமக்க வேண்டியது சுட்டவர்களே.

வேலை நிறுத்தம் என்ற ஆயுதமும் துருப்பிடிக்கவில்லை. 1973-ல் அதே டர்பனில் செங்கல் சூளையில் தொடங்கிய வேலை நிறுத்தம் பஞ்சாலைகளுக்குப் பரவியது. ஆப்பிரிக்கத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அங்கிருந்து புதிய தொழிற்சங்கங்கள் முளைத்தன. 1986-ல் பாஸ் சட்டம் ஒழிந்தது. 1994-ல் கறுப்பு மனிதன் வாக்குச் சாவடியில் வரிசையில் நின்றான்.

தோழர்களே! அநியாயச் சட்டத்தை மீறுவது குற்றமல்ல, கடமை. ஆனால் நாலு பேர் மீறினால் ஜெயில் நிறையும், அவ்வளவுதான். உழைக்கும் கைகள் சேர்ந்து ஓய்ந்தால் சட்டம் போட்டவனின் லாபம் நிற்கும். சர்க்காரின் காது அப்போது திறக்கும். நிறமோ ஜாதியோ மதமோ நடுவில் புகுந்தால் வெற்றி பாதியில் நின்றுவிடும். நியூகாஸில் சுரங்கத்துக் கூலிகள் முதல் பாடத்தைக் கற்றுத் தந்தார்கள். இரண்டாவது பாடத்தைக் கற்க அந்த நாட்டுக்கு இன்னும் பல பத்தாண்டுகளும் எத்தனையோ உயிர்களும் தேவைப்பட்டன. நாம் இரண்டையும் சேர்த்தே கற்போம்!